மறு: ஆர்பிஎம் ஏற ஏற ஒளி கூடும் பைக் விளக்கு – சொற்கள் பரிந்துரை

வணக்கம் நண்பர்களே,

ஆர்பிஎம், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது, ஏற ஏற ஒளி கூடும் பைக் விளக்கைப் பற்றி நாம் எழுதப்போகும் கட்டுரைக்காக, ஆங்கிலச் சொற்களுக்கு ஈடாக முன்மொழிந்த தமிழ்ச் சொற்களின் பட்டியலைப் பார்த்தேன். அதில் உள்ள எல்லாச் சொற்களுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. விளக்கின் மின்சுற்று வேலை செய்யும் விதத்தை விளக்கும் ஒரே பத்தியில் உட்காரவைத்துப் பார்த்தால்தான் எது எதோடு முட்டுகிறது என்று தெரியும்.

> ஆக்சென்ட் லைட் – அழுத்த விளக்கு

இது வேண்டாம். பைக்கில் அழுத்தம் என்றாலே டயர் காற்றும் ஆயில் பிரஷரும்தான் நினைவுக்கு வரும், ஆயில் பிரஷர் குறைந்தால் மீட்டரில் எரியும் எச்சரிக்கை விளக்கு என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். டேங்க் ஓரத்திலும் இன்ஜின் அடியிலும் ஒட்டும் எல்இடி பட்டி அழகுக்காக இருப்பது, அதனால் அணிவிளக்கு.

> இன்ஜின் ஸ்பீட் – பொறி வேகம்

இரண்டு சொல்லிலும் சிக்கல். பொறி என்றால் ஸ்பார்க்கும்தான், இக்னிஷனைப் பற்றிப் பேசும் இடத்தில் எது இன்ஜின், எது ஸ்பார்க் என்று குழம்பும். வேகம் என்றால் வண்டியின் வேகம். நியூட்ரலில் நிறுத்தி ஆக்சிலேட்டரை முறுக்கினால் வண்டியின் வேகம் சுழியம், இன்ஜினின் கிராங்க் தண்டு மட்டும் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றும், விளக்கும் ஏறும். எனவே சுற்றுவீதம். டேக்கோமீட்டருக்குச் சுற்றுவீதமானி என்று தானாகவே கிடைத்துவிடுகிறது.

> டியூட்டி சைக்கிள் – பணிச்சுழற்சி

இதில்தான் எனக்கு வலுவான மறுப்பு. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே விளக்கு எத்தனை சதவீத நேரம் எரிகிறது என்பதுதான் இங்கே டியூட்டி சைக்கிள். கார்புரேட்டர் வைத்த பல ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் மேக்னெட்டோவை (இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் கருவி) ஒட்டி இருக்கும் பல்சர் காயில் (எப்போது ஸ்பார்க் வர வேண்டும் என்று காட்டும் கம்பிச்சுருள்), கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் ஒரு துடிப்பு தரும். நிமிடத்துக்கு 1500 சுற்றில் வினாடிக்கு 25 துடிப்பு, 9000 சுற்றில் 150. இந்தத் துடிப்பை ஒழுங்குபடுத்தி நேரம் அளக்கும் சிப்பான ஒரு 555 ஐசிக்குக் கொடுத்து, 56 கிலோ ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் வைத்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியீடு ஏறக்குறைய 6 மில்லிவினாடி மேலே நின்றுவிட்டு இறங்கும். 1500 சுற்றில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 40 மில்லிவினாடி, அதில் 6 என்றால் 15 சதவீதம். 6000 சுற்றில் 10 மில்லிவினாடியில் 6, அதாவது 60 சதவீதம். 9000 சுற்றில் 90ஐத் தொடும். எரியும் நேரம் மாறவில்லை, இடைவெளிதான் சுருங்குகிறது, விளக்கு ஏறுவதற்கு அது போதும். இப்போது இதில் "பணிச்சுழற்சி" என்று எழுதிப் பாருங்கள்: "கிராங்கின் சுழற்சி கூடும்போது பணிச்சுழற்சியும் கூடும்". இன்ஜின் சுற்றுவதைச் சொல்கிறோமா, மின்சாரம் போய்வருவதைச் சொல்கிறோமா? மொத்த நேரத்தில் இயங்கும் பங்கு எவ்வளவு என்பதுதான் கருத்து, எனவே இயங்குபங்கு என்கிறேன். எரிபங்கு என்றும் யோசித்தேன், ஆனால் மோட்டாருக்கும் வெல்டிங் மெஷினுக்கும் இதே சொல் வேண்டியிருக்கும்.

அப்புறம், 25 துடிப்பில் கண்ணுக்கு மினுங்கல் தெரியும். அதனால் 555இன் வெளியீட்டை ஒரு மின்தேக்கியில் சமன்செய்து, அந்த மின்னழுத்தத்தை வைத்து விளக்கை வினாடிக்குச் சில நூறு முறை எரியவைத்து அணைக்கும் இன்னொரு மின்சுற்றை இயக்குவது நல்லது. இயங்குபங்கு 15இலிருந்து 30 ஆனால் கண்ணுக்குப் பெரிய மாற்றம், 75இலிருந்து 90 ஆனால் பெரிதாகத் தெரியாது, அதையும் கட்டுரையில் சொல்ல வேண்டும். முன்பக்கம் சிவப்பு ஒளி காட்டக் கூடாது என்ற மோட்டார் வாகன விதியையும் சேர்த்துவிடுங்கள்.

> மொத்தமாக இந்த வகை விளக்குக்கு – சுழலொளி அல்லது முறுக்கொளி

சுழல்விளக்கு என்பது ஆம்புலன்ஸ் தலையில் சுற்றும் விளக்குக்கு ஏற்கெனவே போய்விட்டது. முறுக்கொளி கேட்க அழகு, ஆக்சிலேட்டரை முறுக்குவதும் நினைவுக்கு வருகிறது, ஆனால் டார்க்கை முறுக்குவிசை என்றும் எழுதுகிறோம். சுற்றுவீதமும் முறுக்குவிசையும் வேறு வேறு என்று மாணவர்களுக்குப் புரியவைப்பதே பெரும்பாடு, அங்கே இந்தச் சொல் போய் நின்றால் குழப்பம் கூடும்.

என் பரிந்துரை ஏறொளி. ஏறுவெயில் போல வினைத்தொகை. இந்த ஒளி புதிதும் அல்ல: பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியைத் தொடாமல் மேக்னெட்டோவிலிருந்து நேராக வரும் ஏசி (மாறுதிசை) மின்சாரத்தில் எரியும். சிக்னலில் நின்றால் மங்கும், முறுக்கினால் பளிச்சென்று ஏறும். "ரேஸ் பண்ணா லைட்டு ஏறுது" என்றுதான் மெக்கானிக் பட்டறையில் சொல்வார்கள். இப்போது ரெகுலேட்டர் 14 வோல்ட் அளவில் பிடித்துவைப்பதால் அந்த ஏற்றம் தெரிவதில்லை, நாம் தனி மின்சுற்று போட்டு அதை வரவழைக்கிறோம். இறங்கும்போது என்ன சொல்வது என்று கோவை நண்பர் கேட்டிருந்தார். ஏறுவெயிலும் சாயங்காலம் இறங்கத்தான் செய்கிறது ஐயா, பெயர் கண்ணில் படும் முதல் குணத்துக்கு வைப்பது.

எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "சுற்றுவீதம் கூடக் கூட இயங்குபங்கு கூடும், அணிவிளக்கு ஏறொளியாக எரியும்." எனக்கு எங்கும் தட்டவில்லை. வாய்விட்டுப் படித்துப் பார்த்து உங்களுக்குத் தட்டினால் எந்த இடம் என்று எழுதுங்கள். ஏறொளியைப் பிறகு பேசிக்கொள்ளலாம், சுற்றுவீதத்தையும் இயங்குபங்கையும் மட்டும் இந்த வாரம் முடித்துவிட்டால் கட்டுரையைத் தொடங்கிவிடலாம்.