ரிப்போர்ட்டில் சி.என்.எஸ். 1, பிறகு எதற்கு இத்தனை முதுகு ஊசி?

தென்றல்77:
4 வயதுப் பையன், பி-செல் ஏ.எல்.எல். (ஒரு வகை ரத்தப் புற்றுநோய்). முதுகுத்தண்டு நீர் ரிப்போர்ட்டில் "சி.என்.எஸ். 1". சி.என்.எஸ். என்றால் மூளை, தண்டுவடம்; நோய் அங்கே போகவில்லை என்றுதானே அர்த்தம்? அப்படியிருந்தும் பத்துக்கு மேல் முதுகு ஊசி எழுதியிருக்கிறார்கள். இன்னொன்று: முதுகில் போடும் மருந்தான மெத்தோட்ரெக்சேட் இவனுக்கும் 12 மி.கி., இவனைப்போல் இரண்டு மடங்கு எடையுள்ள 8 வயதுப் பிள்ளைக்கும் 12 மி.கி. சரியா?

ஸ்லைடு:
சி.என்.எஸ். 1 என்றால் எடுத்த அந்தச் சில மில்லி நீரில் பிளாஸ்ட் (புற்றுநோய் செல்) கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். மூளை உறையில் ஒட்டியிருக்கும் செல் நீரில் மிதந்து வர வேண்டும் என்று கட்டாயமில்லை. கை நரம்பில் ஏற்றும் மருந்துகளில் பெரும்பாலானவை ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டிப் போதுமான அளவு உள்ளே போவதில்லை. 1960களில், சிகிச்சையால் எலும்பு மஜ்ஜையில் நோய் மறைந்த குழந்தைகளிலேயே பாதிக்கு மேல் மூளை உறையில் நோய் திரும்பியது. மெம்பிஸ் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கல் குழு தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்து அதைத் தடுத்தது. ஆனால் படிப்பும் வளர்த்தியும் அடிவாங்கின. கதிர்வீச்சுக்குப் பதிலாக வந்ததுதான் இந்த ஊசிகள். குறைக்கச் சொல்லாதீர்கள்.

ஒரு விஷயம் பாருங்கள்: அதே ரிப்போர்ட்டில் ஆர்.பி.சி. (சிவப்பணு) எத்தனை?

மருந்தகம்_வாசல்:
டோஸ் சரிதான். இந்த ஊசிக்கு எடை கணக்கில்லை, வயதுதான். 3 வயதிலேயே தண்டுவட நீரின் அளவு பெரியவர்களை நெருங்கிவிடும். ஒரு வயதுக்குள் 6, 1 வயதில் 8, 2 வயதில் 10, மூன்றிலிருந்து 12 மி.கி. சில சிகிச்சை நெறிமுறைகளில் 9 வயது முதல் 15. கெடாமல் வைக்கும் வேதிப்பொருள் (பிரிசர்வேட்டிவ்) சேர்க்காத மருந்துதான் முதுகுக்கு.

நரம்பில் மட்டும் ஏற்ற வேண்டிய வின்கிறிஸ்டின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்து முதுகில் போனால் உயிருக்கே ஆபத்து. அதை சிரிஞ்சில் எடுக்காமல் சிறு பையில் கலந்து நரம்பில் ஏற்றுவதே பாதுகாப்பு. முதுகு ஊசி போடும் அறைக்குள் அது வரவே கூடாது. கேட்கத் தயங்காதீர்கள்.

வார்டு_இரவு:
ஊசிக்குப் பின் ஒரு மணி நேரம் தலையணை இல்லாமல் படுக்கட்டும். உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் குறைகிறது என்றால் பெரும்பாலும் ஊசித் துளையில் நீர் கசிகிறது. காலையில் எழும்போதே தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை, வாய் கோணல் என்றால் அன்றைக்கே காட்டுங்கள். இரண்டு வாரத்துக்குள் ஒரு பக்கக் கைகால் தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ மெத்தோட்ரெக்சேட் காரணமாக இருக்கலாம். பெரும்பாலும் தானே சரியாகும், ஆனாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

தென்றல்77:
ஆர்.பி.சி. 2.

ஸ்லைடு:
நல்ல சாம்பிள். 10ஐத் தாண்டினால் ரத்தம் கலந்த சாம்பிள் என்பார்கள். ரத்தத்தில் பிளாஸ்ட் இருக்கும்போது அப்படி ஆனால் ஊசியே அதை உள்ளே கொண்டுபோய்விடும், கூடுதல் டோஸ் தேவைப்படலாம். முதல் ஊசியைக் கைதேர்ந்தவர், பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) ஏற்றி, மயக்கத்தில் போடுவது அதனால்தான்.