பெரியப்பா அனுப்பிய படமும் அதற்குப் பின் குழுவில் நடந்ததும்

பெரியப்பா, காலை 6:42
[படம், பலமுறை முன்னனுப்பப்பட்டது]
நகர மையம் இப்படித்தான் மாறப் போகிறதாம். எட்டு வழிச் சாலை, மேம்பாலம், அடுக்குமாடி வாகன நிறுத்தம். பார்க்கவே நிறைவாக இருக்கிறது.

சித்தி
👏👏👏

அண்ணன்
எந்த ஊர் பெரியப்பா இது?

பெரியப்பா
போடவில்லை. வந்ததை அனுப்பினேன்.

நான்
எல்லா ஊருக்கும் இதே படத்தைத்தான் போடுகிறார்கள். கண்ணாடிக் கட்டடம், நீரூற்று, பலூன் பிடித்த ஒரு குழந்தை. மரம் மட்டும் இடுப்புயரம்.

அத்தை
😂 அந்தப் பலூன் குழந்தையை நானும் எங்கோ பார்த்திருக்கிறேன்

பெரியப்பா
கிண்டல் வேண்டாம் பாப்பா. நகரமைப்பு படிக்கிறவள், விவரமாகச் சொல். ஊர் வளர்கிறது, வண்டி பெருகுகிறது. சாலையை அகலமாக்காமல் என்ன செய்வது? சாலைப் பணியிலேயே தலை நரைத்தவன் நான்.

நான்
படத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள் பெரியப்பா. சாலை இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது. ஒரு மாடியில்கூடத் துணி காயவில்லை.

அண்ணன்
மையத்தில் யார் குடியிருப்பார்கள்? ஒரே இரைச்சல். நான் மனை பார்ப்பதே புறவழிச் சாலைப் பக்கம்தான்.

நான்
அதுதான் விஷயமே. நடுத்தர நகரங்களில் மையம் ஒரே நாளில் காலியாவதில்லை. நெரிசல் என்று முதலில் பேருந்து நிலையத்தை வெளியே கொண்டுபோவார்கள். அப்புறம் நீதிமன்றம், அரசு அலுவலகங்கள், பெரிய மருத்துவமனை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயமான முடிவு. ஆனால் நீதிமன்றத்துக்கு வந்தவர்தான் பக்கத்தில் நகல் எடுத்தார், சாப்பிட்டார், செருப்பும் தைத்துக்கொண்டு போனார். அவர் வராவிட்டால் கீழே கடை மூடும். கடை மூடினால் மாடியும் பூட்டிக் கிடக்கும். பெருநகரத்தில் ஒன்று போனால் இன்னொன்று வந்து உட்காரும். நடுத்தர ஊரில் போன இடம் போனதுதான்.

அத்தை
நெரிசலோடு சேர்த்து ஆட்களையும் அனுப்பிவிடுகிறார்கள்.

பெரியப்பா
அதற்காக நெரிசலிலேயே கிடக்கச் சொல்கிறாயா?

நான்
இல்லை. அகலமாக்காமலே குறைத்த ஊர் இருக்கிறது. நெதர்லாந்தில் குரோனிங்கன். 1977-இல் மையத்தை நான்கு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியிலிருந்து பக்கத்துப் பகுதிக்குக் காரில் நேராகப் போக முடியாது. வெளிவட்டச் சாலைக்கு வந்து சுற்றித்தான் உள்ளே நுழைய வேண்டும். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் வழி நேர்தான். மையத்தில் வேலையே இல்லாமல் அதைக் குறுக்குவழியாகப் பிடித்தவர்களுக்கு வழி அடைபட்டது. பெல்ஜியத்தில் கென்ட் நகரம் 2017-இல் இதையே ஆறு பகுதியாகச் செய்தது.

பெரியப்பா
கடைக்காரர்கள் சும்மா விட்டார்களா?

நான்
விடவில்லை. குரோனிங்கனில் கடும் எதிர்ப்பு. ஆனாலும் திட்டம் நிலைத்துவிட்டது.

அத்தை
அப்படியென்றால் கார் போகாத தெரு என்று ஒரு பலகை வைத்தால் போதுமே?

நான்
போதாது அத்தை. அமெரிக்காவில் கலமசூ என்ற ஊர் 1959-இல் மையத் தெருவை நடப்பவர்களுக்கு என்று ஒதுக்கியது. அதைப் பார்த்து ஏறக்குறைய 200 ஊர்கள் செய்தன. பெரும்பாலானவை பின்னால் மறுபடி கார் விட்டுவிட்டன. கலமசூவே 1998-இல் ஒரு பகுதியைத் திறந்தது. தெருவை அழகாக்கிய நேரத்தில் மக்கள் புறநகருக்குக் குடிபோய்க்கொண்டிருந்தார்கள். நடக்க ஆளில்லாத நடைத்தெரு. தாக்குப்பிடித்தவை போல்டர், பர்லிங்டன் மாதிரி ஊர்கள். அங்கே பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது, மாணவர்கள் நடந்தே வருகிறார்கள்.

இன்னொன்று. கலமசூவுக்குத் திட்டம் போட்டவர் விக்டர் க்ரூயன். 1956-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் திறந்த சவுத்டேல் என்ற வணிக வளாகத்தை (மால்) வடிவமைத்தவரும் அவரேதான். ஊர் விளிம்பில், முழுக்கக் கூரைக்குள் அடங்கிய முதல் பெரிய மால்களில் ஒன்று.

அண்ணன்
மையத்தைக் காலி செய்யவும் அவர், காப்பாற்றவும் அவர். நல்ல வியாபாரி 😂

நான்
வியாபாரி என்று சொல்ல முடியாது. வளாகத்தைச் சுற்றி வீடு, பள்ளி எல்லாம் வர வேண்டும் என்றுதான் நினைத்தார். கட்டியவர்கள் வளாகத்தையும் கார் நிறுத்தத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் அவரே அதை வெளிப்படையாகத் திட்டினார்.

சித்தி
🎤 0:47

அண்ணன்
சித்தி, அலுவலகத்தில் இருக்கிறேன். எழுதுங்கள் ப்ளீஸ்.

சித்தி
ஒன்றுமில்லை, இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்டேன். வெளியே பெரிய கடை வந்தால் நகராட்சிக்கு வரி வருமே. அதை ஏன் விட வேண்டும்?

நான்
நல்ல கேள்வி சித்தி. அமெரிக்காவில் ஆஷ்வில் என்ற ஊரில் ஜோ மினிகோசி என்ற நகரமைப்பாளர் வரியை ஏக்கர் கணக்கில் வகுத்துப் பார்த்தார். மொத்தமாகப் பார்த்தால் விளிம்பில் இருக்கிற பெரிய கடை நிறையக் கட்டுவது போலத் தெரியும். ஆனால் அதன் நிலத்தில் பெரும்பகுதி கார் நிறுத்தம். கீழே கடை, மேலே வீடு என்று மையத்தில் நிற்கிற பழைய கட்டடம் ஏக்கருக்குப் பல மடங்கு அதிகமாகக் கட்டுகிறது. தண்ணீர்க் குழாய், கழிவுநீர், தெருவிளக்கு எல்லாம் மையத்தில் ஏற்கெனவே இருக்கிறது. விளிம்பில் ஒவ்வொரு மனைக்கும் புதிதாக இழுக்க வேண்டும், அப்புறம் காலம் முழுக்கப் பராமரிக்கவும் வேண்டும்.

அண்ணன்
ஆக, நான் மனை வாங்கினால் ஊருக்கு நஷ்டம். அப்படித்தானே?

நான்
உன்மேல் என்ன தப்பு? நீ வாங்குகிற மாதிரி வீடு மையத்தில் இல்லை. அதற்கு விதியும் ஒரு காரணம். பல ஊர்களில் வீடு கட்டினால் இத்தனை கார் நிறுத்த இடம் கட்டாயம். பழைய குறுகிய மனையில் அது அடங்காது. அதனால் யாரும் வீடு கட்டுவதில்லை, மாடி கிடங்காகிவிடுகிறது. அமெரிக்காவின் பஃபலோ 2017-இல் அந்த விதியை ஊர் முழுவதும் எடுத்துவிட்டது.

அத்தை
சரி, மையம் நன்றானால் வாடகை ஏறாதா? இப்போது இருக்கிறவர்கள் எங்கே போவார்கள்?

நான்
ஏறும். தெருவுக்குக் கல் பதித்து விளக்குப் போட்டால் முதலில் ஏறுவது வாடகைதான். அதனால் குறைந்த வாடகை வீடுகளை முன்கூட்டியே கட்டி வைக்க வேண்டும், அழகுபடுத்துவது அப்புறம். பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது.

அத்தை
அந்தப் படத்தில் இதற்கெல்லாம் இடமில்லை.

பெரியப்பா, மதியம் 1:15
எல்லாம் படித்தேன். காரை அடியோடு விரட்டினால் வெளியூரிலிருந்து வருகிறவன் எங்கே நிறுத்துவான்?

நான்
ஸ்பெயினில் பொன்டெவெத்ரா. எண்பதாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற ஊர். 1999-இல் வந்த மேயர் மையத்தில் கார்களைப் பெருமளவு வெளியேற்றினார். மையத்துக்குச் சற்று வெளியே இலவச நிறுத்தம் வைத்தார்கள். எங்கிருந்து எங்கே நடக்க எத்தனை நிமிடம் என்று ரயில் வரைபடம் போலவே ஒன்று வரைந்தும் கொடுத்தார்கள்.

பெரியப்பா
அந்த வரைபடத்தை அனுப்பு. குரோனிங்கனுடையதும் வேண்டும். ஆம்புலன்ஸ் எப்படிப் போகும், சரக்கு லாரி எப்போது வரும், அதையும் சொல்.

நான்
கென்ட்டில் ஆம்புலன்ஸும் பேருந்தும் பகுதிகளுக்கு நடுவே உள்ள எல்லையைத் தாண்டலாம். மற்ற வண்டி தாண்டினால் கேமரா எண்ணைப் பிடித்துவிடும். சரக்குக்குப் பல ஊர்களில் காலையில் சில மணி நேரம் ஒதுக்குகிறார்கள்.

பெரியப்பா
ம். யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் மேம்பாலத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அத்தை
அண்ணா, அதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குப் பரீட்சை இருக்கிறது.

அண்ணன், இரவு 9:03
மையத்தில் நல்ல மாடி வீடு ஏதாவது காதில் விழுந்தால் சொல்லுங்கள். இரண்டு கார் நிறுத்த இடம் இருக்க வேண்டும்.

நான்
🤦‍♀️