அக்காமார், மாதவிடாய் நிக்கிற காலத்தில வாற இந்தச் சூட்டுக்கு நீங்கள் என்ன செய்தனீங்கள்?

எனக்கு 49 வயது, கிளிநொச்சிப் பக்கம். கடைசியா மாதவிடாய் வந்து எட்டு மாதம். நெஞ்சுக்குள்ள இருந்து ஒரு சூடு கிளம்பி முகம், காது எல்லாம் கொதிக்கும். ரெண்டு நிமிசத்தில சட்டை தொப்பலா நனைஞ்சிடும். ராவில மூண்டு தரம் எழும்பித் தலையணையைத் திருப்பிப் போடுறன். வன்னி வெக்கையோட இது தாங்கேலாமக் கிடக்கு.

பின்னேரத் தேத்தண்ணியையும் உறைப்பையும் குறைச்சன், கொஞ்சம் சுகம். எலும்புக்கெண்டு குரக்கன், எள்ளு, முருங்கையிலையும் சாப்பிடுறன். சூட்டுக்குச் சோயா நல்லதெண்டு சொல்லுகினம். ஆருக்கேனும் உண்மையில சூடு குறைஞ்சதோ? எவ்வளவு நாள் எடுத்தது? நித்திரைக்கு என்ன செய்தனீங்கள்?

மாதவிடாய் ஒரு வருசம் நிண்ட பிறகு திரும்ப இரத்தம் பட்டா உடன டொக்டரிட்டப் போகவேணும், அது தெரியும். மற்றதுகளை வெக்கப்படாமல் எழுதுங்கோ. அம்மா இதைப் பற்றி எனக்கு ஒண்டும் சொல்லித் தரேல்லை.