4+4 எட்டா, நாலா? ஏழாயிரத்து எண்ணூறு ரூபாய் போனும் ‘8ஜிபி ரேம்’ ஸ்டிக்கரும்

சர்வீஸ்மணி (காலை 9.12)
இரண்டு நாளாக மனசு ஆறவில்லை, அதனால்தான் தனித் திரி. ‘பத்தாயிரத்துக்குள் நல்ல போன்’ திரியில் கோவில்பட்டியான் எழுதியது இது: “7,800 ரூபாய்க்கு 8ஜிபி ரேம் போன் வாங்கிவிட்டேன். இதே 8ஜிபிக்கு 15,000 கொடுக்கிறவர்கள் காசின் அருமை தெரியாதவர்கள்.” கீழே வரிசையாகப் பாராட்டு.

அது 8ஜிபி போன் இல்லை. 4ஜிபி போன். மீதி நாலு, போனின் ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கி ரேம் என்று பெயர் வைத்தது. பெட்டியில் பெரிதாக 8 என்று போட்டு, எறும்பு அளவு எழுத்தில் ‘4+4’ என்று அச்சடித்திருப்பார்கள். திருப்பூரில் பதினான்கு வருடமாக சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மாசத்துக்குப் பத்துப் பேராவது இந்த ஸ்டிக்கரைக் காட்டி, “எட்டு ஜிபி போட்டும் ஏன் ஹேங் ஆகிறது?” என்று கேட்கிறார்கள். சாயப்பட்டறையில் வாரக்கூலி வாங்குகிறவர்கள் அவர்கள்.

மளிகைக் கடை தெரியும்தானே? கல்லாவுக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் அலமாரி ஒன்று இருக்கும். அதுதான் ரேம். பின்தெருவில் குடோன் இருக்கும். அது ஸ்டோரேஜ். குடோனில் ஒரு மூலையைக் காட்டி ‘இதுவும் அலமாரிதான்’ என்றால், துவரம்பருப்பு கேட்டவர் வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

கோவில்பட்டியான் (காலை 9.40)
மணி தம்பி, என் பெயரைச் சொல்லித் திரி போட்டதற்கு நன்றி. செட்டிங்ஸைத் திறந்தால் ‘4.00 + 4.00 ஜிபி’ என்று காட்டுகிறது. நாலும் நாலும் எத்தனை என்று ஒன்றாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். ஏழு மாதமாக என் மகள் அதில்தான் பிளஸ் டூ பாடம் பார்க்கிறாள். ஒரு நாள் நின்றதில்லை. கம்பெனிக்காரன் எட்டு என்கிறான், போன் எட்டு என்கிறது, நீங்கள் ஒருவர்தான் நாலு என்கிறீர்கள்.

சர்வீஸ்மணி (காலை 9.52)
‘தம்பி’ வேண்டாம் ஐயா. எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

நாலு ரூபாயும் நாலு ரூபாய் கடனும் எட்டு ரூபாய் சொத்தா? அலமாரி ரேம் நொடிக்குப் பத்து ஜிபிக்கு மேல் தரவை நகர்த்தும். உங்கள் விலையில் வரும் போன்களில் பெரும்பாலும் இஎம்எம்சி 5.1 என்ற மலிவு வகை ஸ்டோரேஜ்தான். அதன் உச்ச வேகமே நொடிக்கு 400 எம்பி. அதுவும் ஒரு நேரத்தில் படிக்கும், அல்லது எழுதும். இரண்டும் சேர்ந்து முடியாது. யுஎஃப்எஸ் என்ற வேகமான வகை என்றாலாவது போக ஒரு பாதை, வர ஒரு பாதை. இஎம்எம்சி ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையில் ரேம் வேலையையும் ஏற்றிவிட்டு எட்டு என்கிறீர்கள்.

ஷோரூம்கண்ணன் (காலை 10.20)
விற்கிற பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. நாங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. பெட்டியில் 4+4 என்று இருக்கிறது, கேட்டால் விளக்குகிறோம். வருகிறவர்கள் முதல் கேள்வியே “ரேம் எத்தனை?” என்றுதான் கேட்கிறார்கள். “நாலு” என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.

சர்வீஸ்மணி (காலை 10.26)
அதாவது, கேட்டால்தான் விளக்கம். கேட்காதவருக்கு எட்டு. நன்றாக இருக்கிறது உங்கள் நியாயம்.

நிரலோடை (காலை 10.45)
இரண்டு பேருமே பாதிதான் சொல்கிறீர்கள். ஆண்ட்ராய்டில் வெகு காலமாக இசட்ரேம் இருக்கிறது. பயன்படாமல் கிடக்கும் பக்கங்களை, அதாவது ரேமில் உள்ள தரவுத் துண்டுகளை, ரேமுக்குள்ளேயே சுருக்கி மடித்து வைக்கும். இந்த ‘ரேம் விரிவாக்கம்’ பல போன்களில் அந்த மடித்த பக்கங்களில் பழையவற்றை ஸ்டோரேஜுக்குத் தள்ளும் வேலைதான். ஆகவே ‘கடன்’ என்பது முழு உண்மை இல்லை. பின்னணியில் கிடக்கும் செயலியை அடியோடு மூடாமல் வைத்திருக்க அது கொஞ்சம் உதவும். வேகத்தைக் கூட்டாது.

கோவில்பட்டியான் (காலை 10.51)
பார்த்தீர்களா, படித்தவர் சொல்கிறார், உதவும் என்று. எட்டு.

நிரலோடை (காலை 10.53)
எட்டு என்று நான் சொல்லவில்லையே.

கோவில்பட்டியான் (காலை 10.55)
உதவும் என்றீர்கள். குடோன் உதாரணத்துக்கும் இப்போதே பதில் சொல்கிறேன். எங்கள் ஊரில் கடலைமிட்டாய்க் கடை நடத்துகிறவர்களைக் கேளுங்கள், குடோன் இல்லாமல் ஒரு தீபாவளியைத் தாண்ட முடியுமா என்று. குடோனும் கடைதான். வாடகை இரண்டுக்கும் ஒரே ஆள்தான் கொடுக்கிறார்.

தேன்மொழி (காலை 11.30)
எல்லோருக்கும் வணக்கம். நான் அங்கன்வாடிப் பணியாளர். கையிலிருந்த போனின் டிஸ்ப்ளே போய்விட்டது, மாற்ற 2,400 கேட்கிறார்கள். மொத்தமாக 9,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். அங்கன்வாடி வேலைக்கான போஷன் டிராக்கர் செயலி, வாட்ஸ்ஆப், மகனுக்குக் கொஞ்சம் யூடியூப், அவ்வளவுதான். பழைய போன் 3ஜிபி. சத்துமாவு வாங்க வரும் தாய்மார்களின் முகத்தைப் படமெடுத்துச் சரிபார்க்க வேண்டும். கேமரா திறந்ததும் செயலி மூடிக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து. இடுப்பில் குழந்தையோடு அவர்கள் நிற்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். எது வாங்கலாம்? இந்த 4+4 வாங்கலாமா?

சர்வீஸ்மணி (காலை 11.48)
இதோ, இதற்காகத்தான் கத்துகிறேன். அம்மா, ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள். கூட்டல் குறிக்கு முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். அது நாலாவது இருக்க வேண்டும், ஆறு கிடைத்தால் விடாதீர்கள். ஸ்டோரேஜ் 128ஜிபி. 64 எடுத்தால் சிஸ்டம் ஒரு பங்கைத் தின்றுவிடும், இந்தப் போலி ரேம் நாலைத் தின்னும், வாட்ஸ்ஆப் குட்மார்னிங் வீடியோ மீதியைத் தின்னும். ஸ்டோரேஜ் நிறைந்த இஎம்எம்சி போன் நத்தை மாதிரி ஆகிவிடும்.

போன மாதம் பனியன் கம்பெனி செக்கிங் பிரிவுப் பெண் ஒருவர் போன் கொண்டுவந்தார். இரண்டு வருடப் போன், 4+4. கம்பெனி லோகோ வரும், அணையும், மறுபடி லோகோ. சாஃப்ட்வேர் ஏற்றிப் பார்த்தேன், பாதியில் நின்றது. போர்டைக் கழற்றிப் பார்த்தால் மெமரி ஐசி, அதாவது ஸ்டோரேஜ் சிப், போயிருந்தது. ஹாட் ஏர் வைத்து ஐசி மாற்ற 2,800 ஆகும் என்றேன். அவர் பேசாமல், உள்ளே குழந்தையின் மொட்டைப் படம் இருக்கிறது, அது வருமா என்று மட்டும் கேட்டார். வராது. ஃபிளாஷ் மெமரியில் இத்தனை தடவைதான் எழுதி அழிக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. ரேம் வேலையை அதன் தலையில் கட்டினால் அந்தக் கணக்கு சீக்கிரம் தீரும்.

நிரலோடை (மதியம் 12.05)
அந்த ஐசி போனதற்குக் காரணம் ரேம் விரிவாக்கம்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மட்டமான ஐசியாக இருக்கலாம், சூடாக இருக்கலாம், நிறைந்துபோன ஸ்டோரேஜாக இருக்கலாம். ஒரு போனை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

சர்வீஸ்மணி (மதியம் 12.09)
நீங்கள் எத்தனை போர்டு திறந்திருக்கிறீர்கள்?

நிரலோடை (மதியம் 12.11)
திறந்தால்தான் பேச வேண்டுமா? ஆண்ட்ராய்டின் அடிப்படை மென்பொருளான கெர்னலின் ஆவணங்களைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

சர்வீஸ்மணி (மதியம் 12.14)
படியுங்கள். நான் பிடுங்கிப் போட்ட ஐசிகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். அதையும் வந்து படியுங்கள்.

பழையபோன்பிரியன் (மதியம் 12.30)
9,000க்குப் புதுப் போனே வேண்டாம். இரண்டு வருடம் பழைய, 20,000 ரூபாய்க்கு விற்ற போனைத் தேடினால் அந்த விலையில் நிஜமான 6ஜிபி, யுஎஃப்எஸ் ஸ்டோரேஜோடு கிடைக்கும். நான் 2017 ஜனவரியில் வந்த ரெட்மி நோட் 4ஐ ஆறு வருடம் ஓட்டினேன். 9,999 ரூபாயில் ஸ்னாப்டிராகன் 625 சிப், 4,100 எம்ஏஎச் பேட்டரி. அப்போது யாரும் பிளஸ் போட்டு விற்கவில்லை. பழையது வாங்கும்போது *#06# அடித்து ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண்ணை எடுங்கள், கேஒய்எம் (KYM) என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று பூட்டியிருந்தால் தெரிந்துவிடும்.

ஷோரூம்கண்ணன் (மதியம் 12.41)
பழையதில் பேட்டரி வீங்கியிருந்தால் யார் பொறுப்பு? அந்தக் காலத்து விலையையும் இன்றைய விலையையும் ஒப்பிடாதீர்கள். 2020 ஏப்ரலில் போனுக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 18 ஆனது. 2025 செப்டம்பரில் பெரிய டிவிக்கெல்லாம் 28லிருந்து 18 ஆகக் குறைத்தார்கள். போனுக்கு அதே 18தான். போதாததற்கு 2025 கடைசியிலிருந்து மெமரி சிப் விலையும் ஏறிக்கிடக்கிறது. நிஜமான எட்டைப் பத்தாயிரத்தில் கொடு என்றால் யாரால் முடியும்?

சர்வீஸ்மணி (மதியம் 12.47)
முடியாது. அதைத்தானே சொல்கிறேன். முடியாததை முடிந்ததாக ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள்.

கோவில்பட்டியான் (மதியம் 12.58)
வரி பேச்சு, பேட்டரி பேச்சு, பழைய போன் பேச்சு. என் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. போன் காட்டுகிற எட்டு பொய் என்றால், போன் காட்டுகிற பேட்டரி சதவீதமும் பொய்யா? மணிக்கு யார் வாங்கினதும் பிடிக்காது. பவர்பேங்க் திரியிலும் இப்படித்தான் என்னை எல்லோர் முன்னாலும் இறக்கிப் பேசினார். 20,000 எம்ஏஎச் இல்லை, பன்னிரண்டாயிரம் சொச்சம்தான் என்று.

சர்வீஸ்மணி (மதியம் 1.06)
அதுவும் உண்மைதானே ஐயா. உள்ளே செல் 3.7 வோல்ட்டில் 20,000. வெளியே 5 வோல்ட்டாக ஏற்றிக் கொடுக்கும்போது குறையத்தான் செய்யும். அன்றைக்கும் பெட்டியைக் காட்டினீர்கள், இன்றைக்கும் பெட்டியைக் காட்டுகிறீர்கள். பெட்டி பேசாது, நான் பேசுகிறேன்.

கோவில்பட்டியான் (மதியம் 1.10)
பேசுவதில் உங்களுக்குக் குறையே இல்லை.

நிரலோடை (மதியம் 1.25)
தேன்மொழி அவர்களுக்கு: 2025 பிப்ரவரியில் வந்த சாம்சங் கேலக்ஸி எம்06 5ஜி போன்றவற்றைப் பாருங்கள். 4ஜிபி, 128ஜிபி, அறிமுகச் சலுகையில் 9,499. நான்கு வருடப் பாதுகாப்பு அப்டேட் என்று அறிவித்தார்கள். இன்றைய விலையைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னும் குறைவாக என்றால் ரெட்மி ஏ5. 2025 ஏப்ரலில் 4ஜிபி, 128ஜிபி 7,499க்கு வந்தது. 4ஜி மட்டும், இஎம்எம்சி. பெயரில் 5ஜி இருப்பதை மட்டும் பார்த்து எதையும் எடுக்காதீர்கள். ரெட்மி ஏ4 5ஜியில் எஸ்ஏ வகை, அதாவது 4ஜியின் துணை இல்லாமல் தனியாக ஓடும் 5ஜி மட்டும்தான். ஜியோ அந்த வகை. ஏர்டெல் பெரும்பாலும் 4ஜியின் துணையோடு ஓடும் என்எஸ்ஏ என்பதால் அந்தப் போனில் ஏர்டெல் போட்டால் 4ஜிதான் வரும்.

சர்வீஸ்மணி (மதியம் 1.33)
ரெட்மி ஏ5ஐச் சொல்லிவிட்டு அது இஎம்எம்சி என்றும் சொல்கிறீர்கள். அப்புறம் எதற்குச் சொல்கிறீர்கள்?

நிரலோடை (மதியம் 1.36)
7,499 ரூபாயில் வேறு என்ன கிடைக்கும், நீங்கள்தான் சொல்லுங்களேன். காலையிலிருந்து ஒன்பது பதிவு போட்டீர்கள், ஒரு போன் பெயர்கூட வரவில்லை.

சர்வீஸ்மணி (மதியம் 1.44)
பெயர் சொன்னால் கமிஷன் வாங்கினேன் என்பீர்கள். போன வருடம் ஒருவர் அப்படித்தான் எழுதினார், யார் என்று அவருக்கே தெரியும். வாங்கினதும் செட்டிங்ஸில் ‘ரேம் விரிவாக்கம்’, ‘ரேம் பிளஸ்’ என்று என்ன பெயரில் இருந்தாலும் அணைத்து, ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டோரேஜில் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக வையுங்கள். வாட்ஸ்ஆப்பில் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். இதுதான் என் கமிஷன்.

பழையபோன்பிரியன் (மதியம் 1.50)
அணைத்தால் அவர்கள் கேமரா திறக்கும்போது செயலி மூடிக்கொள்ளுமே? அவர்களுடைய பிரச்சினையே அதுதானே?

நிரலோடை (மதியம் 1.52)
சரியான கேள்வி. அந்த ஒரு விஷயத்தில் அது கொஞ்சம் உதவும் என்றுதான் காலையிலேயே சொன்னேன்.

கோவில்பட்டியான் (மதியம் 1.53)
எட்டு!

சர்வீஸ்மணி (மதியம் 2.05)
அதற்கு நிஜமான ஆறு வேண்டும் என்றுதான் நானும் சொன்னேன். குடோனில் நாலு சாக்கு கூடுதலாக அடுக்கினால் அலமாரி அகலமாகாது. இதை எத்தனை தடவை எழுதுவது?

ஷோரூம்கண்ணன் (மதியம் 2.10)
நிஜமான ஆறு 9,000க்குள் எங்கே இருக்கிறது? இருந்தால் காட்டுங்கள், நானே பத்து வாங்கிக்கொள்கிறேன்.

தேன்மொழி (மாலை 4.15)
மையத்தை இப்போதுதான் பூட்டினேன், எல்லாவற்றையும் படித்தேன். ஐந்து மணிக்கு அண்ணன் வண்டியில் கடைக்குக் கூட்டிப் போகிறார். ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், 4+4 என்று போட்டிருந்தால் வாங்கலாமா, கூடாதா?

கோவில்பட்டியான் (மாலை 4.17)
வாங்குங்கள். எட்டு.

சர்வீஸ்மணி (மாலை 4.19)
நாலுக்குத்தான் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்குங்கள். எட்டு என்று நம்பி வாங்காதீர்கள்.

கோவில்பட்டியான் (மாலை 4.21)
ஒரே வார்த்தை கேட்டார்கள்.

சர்வீஸ்மணி (மாலை 4.22)
நாலு.

கோவில்பட்டியான் (மாலை 4.40)
என் போன் திரையைப் படமெடுத்துக் கீழே போட்டிருக்கிறேன். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ்மணி (மாலை 4.46)
பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு கூட்டல் குறி இருக்கிறது.

கோவில்பட்டியான் (மாலை 4.47)
கூட்டல் குறி எதற்கு இருக்கிறது ஐயா? கூட்டத்தானே?