ஓ.டி. (கூடுதல் நேர வேலை) சம்பளத்தைச் சேர்க்காமல் 16 லட்சம்தான் வீட்டுக்கடன் என்கிறார்கள், என்ன செய்வது?

ஒரகடம் ஷிஃப்ட்:
வணக்கம். ஒரகடத்தில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஏழு வருஷமாக நிரந்தரத் தொழிலாளியாக இருக்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 34,000 வருகிறது. ஓ.டி. தனியாக மாதம் 9,000 முதல் 13,000 வரை. போன 12 மாதத்தில் ஓ.டி. இல்லாத மாதமே கிடையாது.

ஊரப்பாக்கத்தில் ஒரு பழைய இரண்டு படுக்கையறை ஃபிளாட் பார்த்திருக்கிறோம், விலை 36 லட்சம். சீட்டு, சேமிப்பு எல்லாம் சேர்த்துக் கையில் 11 லட்சம் உண்டு. 28 லட்சம் கேட்டேன். வங்கியில் ஓ.டி.யைப் பார்க்கவே இல்லை, 16 லட்சம்தான் வரும் என்கிறார்கள். பி.எஃப். பாஸ்புக்கைப் பார்த்து, "நீங்க சொல்ற வருமானம் இதுல இல்லையே" என்றும் கேட்டார்கள். பைக் லோன் மாதம் 3,200 போகிறது, இன்னும் 11 தவணை பாக்கி. வாடகை ஏறிக்கொண்டே போகிறது, பையனை அடுத்த வருஷம் பள்ளியில் சேர்க்க வேண்டும். ஓ.டி.யைக் கணக்கில் சேர்க்க வழி உண்டா?

கடன் பிரிவில் இருந்தவன்:
தம்பி, ஒரு விஷயம் சொல்லுங்கள். ஓ.டி. பணம் மாதச் சம்பளத்தோடு சேர்ந்து ஏறுகிறதா, தனியாகவா? பே ஸ்லிப்பில் ஓ.டி. என்று வரி இருக்கிறதா?

ஒரகடம் ஷிஃப்ட்:
தனியாகத்தான் சார். சம்பளம் 1-ஆம் தேதி, ஓ.டி. 15-ஆம் தேதி. அதற்குத் தனிச் சீட்டு தருவார்கள், நான் எதையும் எடுத்து வைக்கவில்லை.

கடன் பிரிவில் இருந்தவன்:
சிக்கல் அங்கேதான். கடன் அதிகாரி உங்கள் ஸ்டேட்மென்டில் 1-ஆம் தேதி வரவை மட்டும் சம்பளமாக எடுத்திருப்பார். 15-ஆம் தேதி வருவது என்ன பணம் என்று அவருக்கு யார் சொல்வது? உங்கள் பேரோலில் (கம்பெனியின் சம்பளப் பிரிவில்) 12 மாத ஓ.டி. விவரத்தை மணிநேரத்தோடும் தொகையோடும் முத்திரை போட்டு வாங்குங்கள். கூடவே இரண்டு வருஷ ஃபார்ம் 16 (சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டிக் கம்பெனி தரும் சான்று). ஓ.டி.யும் சம்பளம்தான் என்பதால் அதிலுள்ள மொத்தத் தொகையில் அது சேர்ந்திருக்கும். ஆனால் எவ்வளவு ஓ.டி. என்று பிரித்துக் காட்டாது, அதனால்தான் பேரோல் கடிதம் வேண்டும்.

பி.எஃப். கேள்விக்குப் பயப்படாதீர்கள். ஓ.டி.க்கு பி.எஃப். பிடிப்பதில்லை, அந்தச் சட்டமே ஓ.டி.யை அடிப்படைச் சம்பளத்துக்கு வெளியே வைக்கிறது. அதை அதிகாரியிடம் நிதானமாகச் சொன்னால் போதும்.

முழு ஓ.டி.யையும் எடுப்பார்கள் என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் பார்த்தவரை சராசரியில் பாதி எடுத்தாலே நல்ல கிளை. சராசரி 11,000, அதில் பாதி 5,500. வருமானத்தில் பாதியைத் தவணைக்கு விட்டால் உங்களுக்குக் கூடுவது மாதம் 2,750. எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் ஒரு லட்சத்துக்குத் தவணை சுமார் 868 ரூபாய். ஆக ஓ.டி.யால் கூடுவது 3 லட்சத்துச் சொச்சம்தான். அந்த பைக் லோனை அடைத்துவிட்டால் 3,200 முழுசாக விடுபடும், அதற்கு மூன்றரை லட்சத்துக்கு மேலேயே வரும். ஓ.டி.க்கு அலைவதற்கு முன்னால் பைக்கை முடியுங்கள்.

மறைமலைநகர் அக்கா:
தம்பி, நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கும் ஓ.டி. நிறைய வந்த காலத்தில், ஒரு இடத்தில் முழு ஓ.டி.யையும் சேர்த்து 34 லட்சம் கொடுத்தார்கள். சந்தோஷமாக வாங்கினோம். இரண்டாம் வருஷம் ஆர்டர் குறைந்து ஒரு ஷிஃப்ட்டையே நிறுத்தினார்கள். ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்பதால் கம்பெனி முதலில் வெட்டுவது அதைத்தான். அதே சமயம் வட்டியும் ஏறியது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) 4-லிருந்து 6.5 சதவீதத்துக்குப் போனது ஞாபகம் இருக்கும். என் வளையலும் தாலிச் செயினும் எட்டு மாதம் அடகுக் கடையில் இருந்தன. ஓ.டி. இல்லாவிட்டாலும் கட்ட முடிகிற தவணைக்குத்தான் கையெழுத்துப் போடுங்கள். ஓ.டி. வரும் மாதத்தில் அந்தப் பணத்தை அசலில் கட்டுங்கள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டிக் கட்டத் தனிநபருக்கு அபராதம் கிடையாது.

அப்புறம், உங்கள் மனைவி வேலைக்குப் போகிறார்களா?

ஒரகடம் ஷிஃப்ட்:
போகிறாள் அக்கா, தனியார் பள்ளியில் 14,000. வங்கியில்தான் ஏறுகிறது. சின்னத் தொகை என்று நான் சொல்லவே இல்லை.

கடன் பிரிவில் இருந்தவன்:
அதைச் சொல்லாமல் விட்டீர்களே தம்பி! இணை விண்ணப்பதாரராகச் சேருங்கள். அந்த 14,000-க்கே 8 லட்சம் கூடும். ஒன்று மறக்க வேண்டாம்: பழைய ஃபிளாட்டுக்கு முத்திரைத்தாளும் பதிவும் சேர்த்து 9 சதவீதம். 36 லட்சத்துக்கு 3,24,000. இந்த விலைக்கு அதை வங்கி கடனில் சேர்க்காது, உங்கள் 11 லட்சத்தில் இருந்துதான் போக வேண்டும்.

ஒரகடம் ஷிஃப்ட் (ஆறு வாரம் கழித்து):
எல்லோருக்கும் நன்றி. பைக் லோனை அடைத்துத் தடையில்லாச் சான்று வாங்கினேன். பேரோலில் கடிதம் தர மூன்று முறை நடக்கவிட்டார்கள், ஆனால் தந்தார்கள். வேறு கிளையில் மனைவியோடு விண்ணப்பித்தோம். பாதி ஓ.டி.யை எடுத்து 30 லட்சம் வரை தரலாம் என்றார்கள். அக்கா சொன்னதை மனதில் வைத்து 27 லட்சம் மட்டும் எடுத்தோம். தவணை 23,436. ஓ.டி. இல்லாமல் எங்கள் இரண்டு சம்பளம் 48,000, அதில் பாதிக்குள் நிற்கிறது. ஃபிளாட்டை விற்பவரிடம் பேசி விலையை 34.5 லட்சத்துக்கு இறக்கினோம். பத்திரச் செலவும் பைக் லோனும் போகக் கையில் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. அடுத்த மூன்று மாத ஓ.டி.யை அவசரத்துக்கு என்று தனியாக வைத்துவிட்டு, நாலாவது மாதத்திலிருந்து அசலில் கட்டப் போகிறோம்.

மறைமலைநகர் அக்கா:
வீட்டுக்குப் பால் காய்ச்சும் நாளைச் சொல்லுங்கள் தம்பி. வில்லங்கச் சான்றை 30 வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தீர்களா?

ஒரகடம் ஷிஃப்ட்:
பார்த்தோம் அக்கா. வக்கீலிடம் மூலப்பத்திரத்தையும் கொடுத்திருக்கிறோம்.