பொம்மை வீட்டில் முறுக்கா, மக்ரூனா?

மேடைப்பித்தன்:
நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் போட ஒத்திகை ஆரம்பித்திருக்கிறோம். நார்வேயை அப்படியே வைத்துக்கொள்வதா, நம்மூருக்கு மாற்றுவதா என்று குழுவுக்குள் சண்டை. நான் மாற்றும் கட்சி. கதாநாயகி நோரா ஒளித்துவைத்துத் தின்னும் மக்ரூன் என்ற இனிப்பை முறுக்காக்கினால் என்ன குறைந்துவிடும்?

கடைசிவரிசை:
தின்பண்டத்தை விடுங்கள், கடன் பத்திரத்தை என்ன செய்வீர்கள்? புருஷன் உடம்பு தேற நோரா ரகசியமாகக் கடன் வாங்குகிறாள், அப்பா கையெழுத்தை அவளே போடுகிறாள். அப்பா இறந்தது செப்டம்பர் 29. கையெழுத்தோடு இருக்கும் தேதி அக்டோபர் 2. கடன் கொடுத்த க்ரோக்ஸ்டாட் அவளைப் பிடிப்பது அந்த மூன்று நாளை வைத்துத்தான். கணவன் சம்மதமில்லாமல் மனைவி கடன் வாங்க முடியாத ஊர் அது. நாடகம் வந்தது 1879இல். மணமான பெண்ணைச் சட்டம் முழு ஆளாக மதித்ததோ 1888இல்தான். இன்றைய நம்மூருக்கு இழுத்து வந்தால், "நகையை அடகு வைத்திருக்கலாமே" என்று முதல் வரிசையிலேயே கேட்பார்கள்.

மேடைப்பித்தன்:
சரி, அது நியாயம். ஆனால் இப்சனே மாற்றியவர்தானே? 1880இல் ஜெர்மன் நடிகை ஹெட்விக் நீமான்-ராபே, பிள்ளைகளை விட்டுப் போகிறவளாக நடிக்க முடியாது என்றதும் வேறு முடிவு எழுதிக் கொடுத்தார். அதில் கணவன் ஹெல்மர் நோராவைப் பிள்ளைகள் தூங்கும் அறை வாசலுக்கு இழுத்துப் போகிறான். அவள் அங்கேயே சரிந்துவிடுகிறாள்.

கடைசிவரிசை:
கொடுத்தார், காட்டுமிராண்டித்தனம் என்று திட்டிக்கொண்டே கொடுத்தார். காப்புரிமைப் பாதுகாப்பு இல்லாத காலம். வேறு யாரோ கைவைப்பதற்குத் தானே வைக்கலாம் என்ற கணக்கு. அதைப் போய் முன்னுதாரணம் என்கிறீர்களே!

நூலகப்பூனை:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். பேங்கில் வேலை பார்க்கும் க்ரோக்ஸ்டாடை வேலையை விட்டு அனுப்ப ஹெல்மர் சொல்லும் காரணத்தைப் பார்த்தீர்களா? இளவயதுச் சிநேகிதன், பேங்க் மேனேஜர் ஆகப்போகிறவனை நாலு பேர் முன்னால் 'டூ' என்கிறான். நார்வேஜியத்தில் அது 'நீ'. மரியாதைக்கு வேறு சொல் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிப் போனதால், பேர் சொல்லிக் கூப்பிடுகிறான் என்று சமாளித்தார்கள். நமக்கு அந்தத் தொல்லையே இல்லை. ஆபீசில் எல்லார் எதிரிலும் மேலதிகாரியை ஒருவன் "என்னப்பா, நீ சாப்பிட்டியா?" என்று கேட்கட்டும். ஹெல்மரின் கோபம் நம் ஆட்களுக்கு விளக்கமே இல்லாமல் புரியும். இதற்கு ஊரை மாற்றவே வேண்டாம்.

மேடைப்பித்தன்:
எங்கள் பிரதி ஆங்கிலம் வழி வந்தது. அந்த இடத்தில் 'அதிக உரிமை எடுத்துக்கொள்கிறான்' என்று சப்பென்று இருக்கிறது. நாளைக்கே 'நீ' போட்டுப் பார்க்கிறேன். முறுக்கை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

கடைசிவரிசை:
புருஷனுக்குத் தெரியாமல் தின்கிறவள் முறுக்கையா கடிப்பாள்? பக்கத்து அறைக்குக் கேட்குமே சார்!