கன்ஹேரி மலைக் குகைகளுக்கு முதியவருடன் செல்வது குறித்து

கேள்வி (மாட்டுங்கா, மும்பை): முழங்கால் வலியுள்ள என் மாமனார் கன்ஹேரி பௌத்தக் குகைகளைக் காண விரும்புகிறார். மலையேறாமல் எவற்றைப் பார்க்க இயலும்?

மறுமொழி 1: ஐயா, போரிவலி தேசியப் பூங்காவின் வாயிலிலிருந்து குகைகள் ஆறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதால் பூங்காப் பேருந்திலேயே செல்லுங்கள். திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. நூற்றுக்கு மேற்பட்ட குகைகளில் 3ஆம் எண் சைத்தியம் (பௌத்த வழிபாட்டுக் கூடம்) அடிவாரத்துப் படிகளுக்கு அருகிலேயே உள்ளது. அதன் முன்மண்டபத்தில் இருபுறமும் நிற்கும், ஏறத்தாழ 7 மீட்டர் உயரமுள்ள புத்தர் சிலைகளையும், உள்ளே தூண் வரிசைகளுக்கு அப்பால் தூபியையும் பார்த்தாலே வந்த பயன் கிடைத்துவிடும். சாதவாகன மன்னன் யக்ஞஸ்ரீ சாதகர்ணியின் காலக் கல்வெட்டும் அங்குண்டு.

மறுமொழி 2: 11 தலைகளுடன் அவலோகிதேசுவரர் (கருணையின் போதிசத்துவர்) செதுக்கப்பட்டுள்ள 41ஆம் குகை மேலே இருப்பதால் மாமனாரை அழைத்துச் செல்ல வேண்டாம்; நீங்கள் மட்டும் போய்வரலாம். மழைக்காலத்தில் அருவிகள் அழகுதான், ஆனால் பாசி படிந்த கருங்கற்படிகள் முழங்கால் வலிக்காரருக்கு ஆகாது. கார்த்திகைக்குப் பிறகு செல்வதே உசிதம். தயிர்சாதப் பொட்டலத்தைக் கையில் வைத்திருந்தால் குரங்குகள் விடா!

மறுமொழி 3: குகைகளின் வாசலில் பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகளையும், மேலிருந்து மழைநீரை அவற்றுக்குக் கொண்டுவரும் சிறு கால்வாய்களையும் அவருக்குக் காட்டுங்கள். துறவிகள் ஆண்டு முழுவதும் இங்கே தங்க முடிந்ததற்கு இந்த ஏற்பாடே காரணம் என்பதால், சிலைகளைவிட எனக்கு இவையே வியப்பளித்தன.